சூப்பியும் சுடுநீர்ப் போத்தலும்

பால்குடிப் பிள்ளைக்குப் பாவிக்கிற சொல் ஒன்று எங்கள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக மோட்டார் சைக்கிளுக்கும் புழங்கியது. சூப்பி. “சூப்பி வைச்சிருக்கிறியளோ அண்ணை?” என்று வீதியோரம் நின்று ஒருவர் மறித்துக் கேட்டால், அவர் வீட்டில் குழந்தை அழுகிறது என்று வன்னியில் எவரும் நினைத்ததில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது, திரும்ப எழுப்பச் சொட்டுப் பெற்றோல் வேண்டும், அவ்வளவுதான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது வடக்கின் மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. சவர்க்காரமும் மெழுகுதிரியும்கூட அந்தப் பட்டியலில் இருந்த காலம். 2002 யுத்த நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறக்கும்வரை பெற்றோலை மருந்துபோலத்தான் கண்டோம். சின்னப் போத்தலில், அளந்து, யாரோ ஒருவரின் கைமாறி. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கும் அடுப்புக்கும் என்று பங்கீட்டில் கிடைத்தது. ஆகவே வன்னியில் ஓடியதெல்லாம் மண்ணெண்ணெய்க்குப் பழகிக்கொண்டது. கலியாண வீட்டுக்குப் போன காரும், காய்ச்சல்காரரை ஏற்றிப்போன மோட்டார் சைக்கிளும், நெல் அடித்த மெசினும் ஒரே மணம் மணத்தன. எனக்கு இன்றைக்கும் மண்ணெண்ணெய்ப் புகை மணந்தால் குசினி ஞாபகம் வருவதில்லை. புதுக்குடியிருப்பில் மாமாவின் கராஜ் ஞாபகம்தான் வரும்.

கராஜ் என்றால் நாலு காட்டுத்தடி, கிடுகுக் கூரை, பக்கத்தில் ஒரு பாலைமரம். 1996இல் கிளிநொச்சியை விட்டு வந்தபோது மாமா வீட்டுச் சாமானில் பாதியை விட்டுவிட்டுத் தன் சாவிப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மாமி அதற்காக அவரோடு கனகாலம் கதைக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் மரங்களுக்குக் கீழே இரண்டு நேரமாக நடந்தது. மிச்ச நேரம் முழுக்க நான் மாமாவோடுதான்.

அவரிடம் வந்த வாகனங்களில் பாதிக்கு மேல் ஹொண்டா எம்.டி. 90. யப்பானில் தபாற்காரர்கள் ஓடுவதற்கென்று செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள். பாவித்துக் கழித்தவை கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அதன் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும். பிளக்கைக் கழற்ற எதையும் விலக்கத் தேவையில்லை, குந்தியிருந்து கையை நீட்டினால் போதும். மண்ணெண்ணெய்க் காலத்தில் அந்த அமைப்புப் பெரிய புண்ணியம். பிளக் ஒரு நாளைக்கு இரண்டு தரம், சிலவேளை நாலு தரம் கரி பிடிக்கும்.

மாமா செய்கிறதை அப்படியே சொல்கிறேன். பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். ஈரக் கரி என்றால் ஒரு முகம், காய்ந்த கரி என்றால் இன்னொரு முகம். அரத்தாளால் தேய்த்து, சீலைத்துண்டால் துடைத்து, முனையின் இடைவெளியை ஒரு பழைய சவர அலகை விட்டுப் பார்ப்பார். பிறகு பிளக்கை வயரிலே கொழுவி, எஞ்சின் தலையில் சாத்திவைத்துக்கொண்டு என்னை மிதிக்கச் சொல்வார். நீலப் பொறி தெறித்தால் தலையை ஆட்டுவார். மஞ்சள் என்றால் திரும்பவும் அரத்தாள். பிளக்கைப் பூட்டியபின் சூப்பி வெளியே வரும். மாமாவுடையது உண்மையிலேயே பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சூப்பிதான்; மச்சாளின் பழையது. வேறு ஆட்கள் மருந்துப் போத்தல் வைத்திருந்தார்கள், சேலைன் குழாய் வைத்திருந்தார்கள், எல்லாவற்றுக்கும் பேர் ஒன்றுதான். காபரேற்றரின் காற்று வாய்க்குள் இரண்டு சொட்டு, அதிகம் போனால் மூன்று. ஒரு மிதி. எஞ்சின் இருமும். வெள்ளைப் புகை கக்கும். கைப்பிடியைத் திருகித் திருகி அதைச் சாகவிடாமல் பிடித்து, சிலிண்டர் சுட்டதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்.

“குளிரேக்க இது எரியாது தம்பி. காயவேணும். காய்ஞ்சால் பெற்றோலுக்கும் இதுக்கும் எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது” என்பார். வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகிற பொருள். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 150 பாகையில். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே போய் விழும், பிளக்கை நனைக்கும், எரியாத மிச்சம் பிஸ்ரனின் பக்கத்தால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலைத் தண்ணீராக்கும். சுட்டபின்பும் ஒரு தொல்லை உண்டு. நேரத்துக்கு முன்னரே தானாக வெடிக்கிற குணம் அதற்கு. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறினால் உள்ளே சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும். அதற்கு மாமா சிலிண்டர் தலைக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார். மண்ணெண்ணெய் வருகிற செப்புக் குழாயைச் சைலன்சரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து சூடாக்கினார்.

இவை அவர் கண்டுபிடித்தவையும் அல்ல. பழைய பேகுசன் உழவு மெசினிலும் போட்சன் மெசினிலும் மண்ணெண்ணெய்க்கென்றே செய்த வகைகள் இருந்தன. பெற்றோலில் எழுப்பி, சூடானபின் மாற்றி, புகைபோக்கியின் வெக்கையாலேயே எரிபொருளை ஆவியாக்குகிற மாதிரி அவற்றை வார்த்திருந்தார்கள். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களின் வயல்களில் அந்த மெசின்களோடு வளர்ந்தவர் மாமா. அதைப் பார்த்த கண்ணால் தபாற்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

என்னிடம் அந்தக் காலத்தில் ஒரு கொப்பி இருந்தது. எல்லாப் பொடியன்களிடமும் ஒரு பொது அறிவுக் கொப்பி இருந்தது. நதிகள், தலைநகரங்கள், நோபல் பரிசுகள். என்னுடையது முழுக்கக் கார் றேஸ். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த சஞ்சிகை ஒன்றின் கிழிந்த தாள்கள் கைக்கு வந்து, பிறகு எங்கெங்கோ தேடிச் சேர்த்தது. கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். ஐந்து தரம் உலகச் சம்பியன் ஆனவர் யார்? ஹுவான் மனுவல் ஃபாஞ்சியோ, ஆர்ஜென்ரீனா. தான் செய்த காரில் தானே ஓடிச் சம்பியன் ஆனவர்? ஜாக் பிரபாம், 1966. அயர்ட்டன் செனா இறந்த இடமும் நாளும்? இமோலா, 1994 மே 1. இமோலா எந்த நாட்டில் இருக்கிறது என்பதை எழுதிவைத்திருந்தேன். அந்தக் கார்கள் ஓடுகிறபோது என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. தொலைக்காட்சி பார்க்க மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் அது.

ஒருநாள் பிளக் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அந்தக் கொப்பியிலிருந்து ஒரு கேள்வியை வாசித்துக் காட்டினேன். 1988ஆம் ஆண்டு 16 போட்டிகளில் 15ஐ வென்ற கார் எது? பதில் மக்லாரன் எம்.பி. 4/4. எஞ்சின் ஹொண்டா. ஓட்டிகள் செனாவும் அலன் புறோஸ்ரும். செனா 8, புறோஸ்ற் 7. தவறிய ஒன்று இத்தாலியில் மொன்சா. அங்கே பெராரி வென்றது, அதன் தாபகர் என்சோ பெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமாவின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

“ஹொண்டாவோ?” என்று கேட்டார். எதிரே நின்ற எம்.டி. 90இன் எஞ்சின் மூடியில் அந்தப் பெயர் பாதி அழிந்துபோய் இருந்தது. ஒயில் விரலால் அதைத் தடவினார். “அப்ப எங்கட ஆள்தான்.” பிறகு கேட்டார்: “அந்தக் காருக்கு என்ன எண்ணெய் விட்டவங்கள்?”

கொப்பியில் அதற்குப் பதில் இல்லை. “பெற்றோல்தானே மாமா” என்றேன். அவர் திருப்திப்படவில்லை. எந்தப் பெற்றோல், எவ்வளவு, சூடாக்கி விட்டவங்களோ, பிளக் என்ன நிறத்தில் வந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். நான் கொப்பியை மூடிவிட்டேன். வென்றவர் பெயரும் ஆண்டும் எனக்குத் தெரியும். அந்த எஞ்சினுக்குள் என்ன நடந்தது என்று ஒரு எழுத்தும் தெரியாது. மக்லாரன் என்ற பெயரையே அன்றுதான் முதன்முதல் கேட்ட மனிதருக்கு, அந்தக் காரைப் பற்றி எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை எனக்குக் கிடைக்க இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. கிடைத்த அன்று நித்திரை வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் போர்முலா 1 எரிபொருளுக்குப் பங்கீடு வைத்தது. ரேர்போ எஞ்சின்களின் வலு கட்டுமீறிப் போனதால், 1984இல் ஒரு போட்டிக்கு ஒரு காருக்கு 220 லீற்றர் என்று வரம்பு போட்டு, இடையில் நிரப்புவதையும் தடுத்தார்கள். 1986இல் அது 195 ஆனது. 1988இல் ரேர்போ கார்களுக்கு 150 லீற்றர்தான். காற்றை அமுக்கும் அளவையும் 2.5 பார் என்று குறைத்துவிட்டார்கள். இந்தப் பங்கீடு என்ன செய்தது என்பதற்கு 1985 இமோலாப் போட்டி ஒன்றே போதும். முடிய மூன்று நாலு சுற்று இருக்கையில், முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்த செனாவின் கார் எண்ணெய் தீர்ந்து நின்றது. அடுத்து முன்னுக்கு வந்த ஸ்ரெஃபான் ஜொஹான்சனின் பெராரியும் எண்ணெய் இல்லாமல் தடுமாறிப் பின்தங்கியது. வென்று கோட்டைத் தாண்டிய புறோஸ்ரின் கார் நிறையில் 2 கிலோ குறைந்தது என்று விலக்கப்பட்டது. கடைசியில் வெற்றி எலியோ டி ஆஞ்சலிசுக்கு. உலகின் அதிவேகக் கார்கள் எண்ணெய் இல்லாமல் புல்லில் வரிசையாக நிற்கிற காட்சியை நான் கற்பனை செய்து பார்த்தேன். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 150 லீற்றரில் ஹொண்டா என்ன விட்டது என்பதுதான் மாமாவின் கேள்வி. பெயருக்குத்தான் அது பெற்றோல். உள்ளே 84 சத வீதம் தொலுயீன், மிச்சம் ஹெப்ரேன். தொலுயீன் நமக்குத் தெரியாத பொருளல்ல. வர்ணத்தைக் கரைக்கிற தின்னரில் இருப்பது அதுதான். பாரம் கூடிய திரவம். ஒரு லீற்றருக்குள் சாதாரண பெற்றோலைவிடக் கூடிய சக்தி அடங்கும். லீற்றர் கணக்கில் பங்கீடு என்றால், லீற்றருக்குள் நிறையத் திணிப்பதுதானே கெட்டித்தனம். நேரத்துக்கு முன்னரே வெடிக்கும் தொல்லையும் அதற்குக் குறைவு. ஆனால் ஒரு குறை இருந்தது. தொலுயீன் கொதிப்பது 110 பாகையில். இலேசில் ஆவியாகாது. துளியாகவே உள்ளே போய் விழும்.

அதற்கு ஹொண்டாவின் பொறியியலாளர்கள் செய்தது: எரிபொருளை எஞ்சினுக்குள் விடமுன்னர் சூடாக்கினார்கள்.

நான் அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். கண்ணுக்கு முன்னால் சைலன்சரில் இரண்டு சுற்றுச் சுற்றிய செப்புக் குழாய் வந்து நின்றது.

மாமாவையும் ஹொண்டாவின் ஆய்வுகூடத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. அந்த எஞ்சின் 1.5 லீற்றரில் ஏறத்தாழ 700 குதிரைவலு தந்தது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பொறியியலாளர்களும் கணினிகளும் பரிசோதனை மேடைகளும் இருந்தன. ஆனால் இருவருக்கும் முன்னால் இருந்த கணக்கு ஒன்று. ஆவியாக மறுக்கிற எண்ணெயை எரியவை, உள்ளதைக் கொண்டு தூரம் போ. கணக்கு ஒன்று என்றால் விடையும் ஒன்றாகத்தான் வரும். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காலத்தைப் பற்றி வெளியில் கதைக்கிறவர்கள் எங்கள் மண்ணெண்ணெய் ஓட்டத்தைப் பஞ்சத்தின் கதையாகவே கதைப்பார்கள். அதற்குள் ஒரு படிப்பு இருந்தது. அதை யாரும் படிப்பு என்று சொன்னதில்லை.

ஹொண்டாவின் கதையை அதற்குப் பின்னால்தான் தேடிப் போனேன்.

1946, ஹமமற்சு நகரம். போர் முடிந்து ஒரு வருடம். குண்டு விழுந்த ஊர். சோஇச்சிரோ ஹொண்டா என்ற மெக்கானிக், இராணுவம் கழித்துவிட்ட சின்ன எஞ்சின்களை வாங்குகிறார். வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கிற ஜெனரேற்றர் எஞ்சின்கள், ஏறத்தாழ 500. அவற்றைச் சைக்கிளில் பூட்டுகிறார். அவருடைய மனைவி சச்சி சாப்பாட்டுச் சாமான் தேடித் தூரத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய்வருவதைப் பார்த்து வந்த யோசனை அது என்று சொல்வார்கள். முதல் வண்டியை ஓட்டிப் பார்த்ததும் சச்சிதான். எண்ணெய்த் தாங்கிக்கு எங்கே போவது? வீட்டில் கிடந்த சுடுநீர்ப் போத்தலை எடுத்துப் பூட்டினார். குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் நிரப்பி வைக்கிற போத்தல். பெற்றோல் அங்கேயும் பங்கீடு. பைன் மரத்திலிருந்து வடிக்கிற தெர்ப்பன்ரைனைப் பெற்றோலில் கலந்து விட்டார்கள். அது குளிரில் இலேசில் எரியாது. எஞ்சின் சூடாகி எழும்பும்வரை பெடலை மிதிமிதியென்று மிதிக்கவேண்டும்.

அங்கே சுடுநீர்ப் போத்தல். இங்கே சூப்பி. இரண்டுமே வீட்டுச் சாமான். இரண்டுமே சூடு தேவைப்பட்ட ஓர் உடம்புக்காகச் செய்தவை.

அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. 1948இல் கம்பனி. 1954இல், கம்பனி கடனில் தள்ளாடிய நேரத்தில், மான் தீவின் ரி.ரி. மோட்டார் சைக்கிள் போட்டியில் ஓடப்போகிறோம் என்று ஹொண்டா அறிவிக்கிறார். 1959இல் போகிறார்கள், 125 சீசீ பிரிவில் ஆறாம், ஏழாம், எட்டாம் இடங்கள். 1961இல் அங்கே வெல்கிறார்கள். 1964 ஓகஸ்டில் போர்முலா 1. 1965 ஒக்ரோபரில் மெக்சிக்கோவில் ரிச்சி கிந்தர் அவர்களுக்கு முதல் வெற்றியைக் கொண்டுவருகிறார். பிறகு 1988.

போர் முடிந்து மான் தீவுக்குப் பதினான்கு வருடம், மெக்சிக்கோவுக்கு இருபது. எனக்கு அந்த எண்களை விட்டுப் போக முடியவில்லை. ஹொண்டாவின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் சுடுநீர்ப் போத்தலைப் பூட்டிய கை, அடுத்த வருடம் அதே பட்டறையில் அதே சாவியை எடுக்க முடிந்தது. முந்தின வருடத்துப் பிழை அடுத்த வருடம் திருந்தியது. மாமா கிளிநொச்சியில் ஒரு பட்டறை போட்டார், விட்டார். புதுக்குடியிருப்பில் போட்டார். 2002இல் வீதி திறந்தபின் கிளிநொச்சிக்குத் திரும்பி மூன்றாவதைப் போட்டார், அதையும் விட்டார். ஒவ்வொரு தரமும் சாவிப் பெட்டி இலேசானது. கற்றது எதையும் தாளில் எழுதிவைக்கவில்லை. எழுதவேண்டிய விசயம் என்று அவர் நினைத்ததும் இல்லை.

அடுத்த கரையில் கோயம்புத்தூர் இருக்கிறது. பஞ்சாலையும் வார்ப்படப் பட்டறையும் தண்ணீர்ப் பம்பு செய்கிற தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அங்கே எஸ். கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை ஆசன றேஸ் கார்களை உள்ளூரிலேயே செய்தார். அந்த ஊரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓடி, போர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஜூனில் இண்டியானாபொலிசில் ரயர்ச் சிக்கலால் பெரும்பாலான அணிகள் விலக, ஆறே ஆறு கார்கள் ஓடின, நரேன் நாலாவது. அது யுத்த நிறுத்தக் காலம். கிளிநொச்சிக்கு மின்சாரமும் கணினியும் திரும்ப வந்திருந்தன. ஒரு தமிழ்ப் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைத் திரையில் பார்த்துவிட்டு நேரே கராஜுக்கு ஓடினேன். மாமாவுக்கு நரேனைவிடக் கரிவர்தனைத்தான் பிடித்தது. ஊர்க் காரின் எஞ்சினில் றேஸ் கார் செய்த ஆள் என்றதும், வேலையை விட்டு எழும்பி வந்து கேட்டார்.

அன்று அவர் திருத்திக்கொண்டிருந்தது ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஒன்று. வடக்கில் நாற்பது ஐம்பது வயதுக் கேம்பிரிஜ்கள் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு கடைசிவரை ஓடின. அதன் 1489 சீசீ எஞ்சினின் உடன்பிறப்புத்தான் எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரிலும் இருந்தது. எம்.ஜி. அணி அந்த எஞ்சினைக் கூர்மையாக்கி 1955இல் லு மான் 24 மணிப் போட்டிக்குக் கொண்டுபோய், பன்னிரண்டாவதாகவும் பதினேழாவதாகவும் ஓடி முடித்தது. எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்த அந்தக் கொடிய போட்டியில்தான். இதை நான் மாமாவுக்குச் சொல்லும் வாய்ப்பு அன்று இருக்கவில்லை, எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அந்த எஞ்சினை அன்று இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் துடைத்திருப்பேன். புதுக்குடியிருப்பில் எத்தனை பேர் அந்த எஞ்சினின் சத்தத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து பிறந்தார்கள்.

போரின் மிச்சத்திலிருந்து றேஸ் பிறப்பது உலகத்தில் வழமை. 1950 மே 13ஆம் திகதி உலகச் சம்பியன் போட்டியின் முதல் பந்தயம் ஓடிய சில்வஸ்ரோன், 1943இல் திறந்த குண்டுவீச்சு விமானத்தளம். சென்னைக்காரர் வருடக்கணக்கில் கார் ஓட்டிய சோழவரமும் போர்க்கால விமான ஓடுபாதை. இலங்கையின் தெற்கே கட்டுக்குருந்தையும் அப்படித்தான். வவுனியாவிலும் அதே உலகப் போரில் பிரித்தானியர் போட்ட விமானத்தளம் ஒன்று உண்டு. இரணைமடுவில் பின்னாளில், எங்கள் போரில், வெட்டிய ஓடுபாதை ஒன்று உண்டு. இரண்டிலும் இன்று விமானப்படை இருக்கிறது. வன்னியில் மக்கள் கூடி நின்று வேகம் பார்க்கிற இடம் இப்போதும் மாட்டுவண்டிச் சவாரித் திடல்தான். வண்டில் கிளம்பினால் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்தில் மாமாவும் இருப்பார். வென்ற சோடியைப் பார்க்க எல்லோரும் முன்னுக்கு ஓட, அவர் பின்னுக்குப் போய் அச்சைத் தொட்டுப் பார்ப்பார், எவ்வளவு சுட்டிருக்கிறது என்று.

2009ஐப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. வாகனங்களைப் பற்றி மட்டும். பரந்தனிலிருந்து கிழக்கே போன அந்த ஒரே வீதியில் உழவு மெசினும் லாண்ட் மாஸ்ரரும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும், தறப்பாளும் கதவும் யன்னலும் ஏற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் நகர்ந்தன. நடக்கிற வேகத்தில் ஓடுகிற எஞ்சினுக்குச் சூடு ஏறாது, மண்ணெண்ணெய் எரியாது. வரிசையின் ஓரத்தில் குந்தியிருந்து மாமா எத்தனை பிளக் தேய்த்தார் என்று எண்ணவில்லை. காசு வாங்கவில்லை. கடைசியில் முள்ளிவாய்க்காலில் எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போக விட்டபோது, எரிந்தும் துருப்பிடித்தும் வாகனங்கள் மணலில் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். படுத்த சிலிண்டர்கள் நிறைய. ஒரு எம்.டி. 90இன் சைலன்சரில் செப்புக் குழாய் இரண்டு சுற்று இருக்கிறதா என்று தேடினேன். செப்பை யாரோ முதலே உருவிக்கொண்டு போயிருந்தார்கள், எல்லாவற்றிலிருந்தும்.

அதற்குப் பிறகு புது மோட்டார் சைக்கிள்கள் வந்தன. லீசிங்கில், வீடு தேடி வந்தன. வீதி காப்பெற் ஆனது, வேகம் வந்தது, வேகத்தில் செத்த பொடியன்களின் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் சந்திக்குச் சந்தி தொங்கின. கராஜ்களுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. பழுதான பாகத்தைத் திறந்து பார்க்கிற வழக்கம் போய், கழற்றி எறிந்து புதுசு பூட்டுகிற வழக்கம் வந்தது. அதில் பிழையில்லை, இன்றைய பாகங்கள் திறப்பதற்கென்று செய்தவை அல்ல. ஆனால் மாமாவுக்கு வேலை இல்லாமல் போனது. விசுவமடுவில் மகளோடு இருந்தார். கை கொஞ்சம் நடுங்கத் தொடங்கியிருந்தது.

2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் தீர்ந்தது. கொழும்பில் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. ஓகஸ்டில் நாங்களும் கைபேசியில் கியூ.ஆர். குறியீட்டை வைத்துக்கொண்டு நின்றோம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். தெற்கில் இருந்த சிநேகிதர்கள் உலகம் முடிகிற மாதிரிக் கதைத்தார்கள். எங்கள் ஊரில் கிழவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை.

அந்தக் கிழமைகளில்தான் தொலுயீன் கதையை மாமாவிடம் கொண்டுபோனேன். சுடுநீர்ப் போத்தலையும் சொன்னேன். திண்ணையில் இருந்து முழுக்கக் கேட்டார். தொலுயீனைச் சூடாக்கிய இடம் வந்தபோது, “எங்கே வைச்சுச் சூடாக்கினவங்கள்?” என்றார். கட்டத்தைத் தாளில் கீறிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “ஓம். அப்பிடித்தான் செய்யவேணும்” என்றார், ஒரு வேலையாள் இன்னொரு வேலையாளைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பக்கத்து வீட்டுப் பொடியன் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். மண்ணெண்ணெயில் ஓட்டலாமாமே, மாமா செய்து தருவாரா? மாமா சுற்றிவந்து பார்த்தார். பெற்றோலைக் கணினி பார்த்துத் தெளிக்கிற புது வகை அது, காபரேற்றரே கிடையாது. “உதுக்கு வாயில்லை தம்பி. எங்க ஊட்டுறது?” என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னுடையது பழசு, காபரேற்றர் உள்ளது. “உன்ரையைக் கொண்டா.”

சாவிப் பெட்டிக்குள் சூப்பி இருந்தது. எத்தனை இடம்பெயர்வு கண்டு எப்படித் தப்பியதோ. றப்பர் முலை காய்ந்து, தொட்டதும் வெடித்து இரண்டாகிவிட்டது. மாமா அதை உள்ளங்கையில் வைத்துப் பிளக் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு பாமசிக்குப் போய் ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

சந்திப் பாமசியில் ஒரு பிள்ளை நின்றாள், இருபது வயதிருக்கும். சூப்பி ஒன்று வேண்டும் என்றேன். கீழ்த்தட்டிலிருந்து மூன்று அளவுகளை எடுத்துக் கண்ணாடிக்கு மேலே வைத்தாள்.

“பிள்ளைக்கு எத்தினை மாசம் அண்ணா?”